அரிசி டிரம்முக்குள் வைத்த மாதா

ஸ்டெல்லா,

பக்கத்து அறையில் நீயும் உன் அம்மாவும் ஊறுகாய் பாட்டிலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்று போதும் என்கிறாய் நீ, மூன்று என்கிறாள் அவள். எப்படியும் அவள்தான் ஜெயிப்பாள், பேசாமல் பெட்டியிலிருந்து இரண்டு புடவையை எடுத்து வெளியே வைத்துவிடு. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஏதோ இன்சூரன்ஸ் பாரம் நிரப்புகிறவன்போல் பாவலா காட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நீ போலந்துக்குப் போகிறாய். இரண்டு வருஷம் அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறாய். நம் பல்கலைக்கழகமும் அவர்களுடைய பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகிற பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டத்தில் இங்கிருந்து போகிற முதல் ஆசிரியை என் மகள். இதை அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பக்கத்து லேத்துக்காரனிடமிருந்து கேட் வாட்ச்மேன் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. இப்போதெல்லாம் டீக்கடையில் என்னைப் பார்த்தால் ஆட்கள் கிளாஸோடு நகர்ந்து போகிறார்கள். போகட்டுமே, எனக்கென்ன.

எதிரில் உட்கார வைத்துப் புகழ எனக்கு வராது. திட்டச் சொன்னால் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் திட்டுவேன். உன் அம்மா சொல்வதுபோல, நல்ல வார்த்தையெல்லாம் ஊராருக்கு, சுடு வார்த்தையெல்லாம் வீட்டுக்கு என்று வளர்ந்த ஆள் நான். அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு. இதே திட்டத்தில் பத்து வருஷத்துக்கு முன்பே நீ போயிருக்க வேண்டும். போகாமல் போனதற்குக் காரணம் நான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் இந்த வீட்டில் இதுவரை யாரும் வாயைத் திறந்ததில்லை. போன வெள்ளிக்கிழமை எனக்கு இன்னொரு விஷயமும் தெரியவந்தது. அதை வைத்துக்கொண்டு உன்னை விமானம் ஏற்றிவிட என்னால் முடியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான் என்று தள்ளிவிடாதே, என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

அப்போது நீ தமிழ் எம்.ஏ. முதல் வருஷம். அம்பத்தூரில் ரயில் ஏறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருவாய். ஒரு நாள் சாயங்காலம் படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தாய். "அப்பா, நான் செலக்ட்டு! நாலு பேர்ல ஒருத்தி!" திட்டம் என்னவென்று விளக்கினாய். அங்கே தமிழ் படிக்கிற நாலு பேர் முதலில் இங்கே வருவார்கள், மூன்று வாரம் நம் மாணவர்கள் வீட்டில் ஆளுக்கொருவராகத் தங்குவார்கள். பிறகு நீங்கள் நாலு பேர் அங்கே போய் அவர்கள் வீட்டில் தங்குவீர்கள். அதற்கு ஒரு பாரம். இரண்டு நாளில் கடைசித் தேதி. உனக்குப் பரீட்சை இருந்தது. "நீ கையெழுத்துப் போட்டுட்டுப் படி, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று பாரத்தை வாங்கிக்கொண்டேன். நீ வெறும் பாரத்தில் கையெழுத்துப் போட்டாய். அப்பா பார்த்துக்கொள்வார் என்று நம்பினாய்.

பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது: உங்கள் குடும்பத்தின் பண்பாட்டுப் பின்னணியை எழுதுக. மறுநாள் ராத்திரி அதைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்குக் காலையில்தான் எங்கள் ஃபோர்மேன், நான் பெருமையாக விஷயத்தைச் சொன்னதற்கு, "உங்களுக்கு இன்னாய்யா கல்ச்சர்? கிறிஸ்டின் ஆளுங்க. வெள்ளக்காரன் குடுத்தத அவனுக்கே திருப்பிக் காட்டப் போறியா?" என்று சிரித்திருந்தான். நான் லேத்துக்குத் திரும்பிவிட்டேன். பூந்தமல்லிப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட ஆட்கள் நாம். என் தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கினோம். இதையெல்லாம் எழுதினால் எவன் பண்பாடு என்று ஒத்துக்கொள்வான் என்று தோன்றியது. எழுத எழுதக் கையும் துணிந்துவிட்டது. சுத்த சைவக் குடும்பம் என்றேன். தினமும் வீட்டில் விளக்கேற்றிப் பூஜை, வெள்ளிக்கிழமை விரதம் என்றேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கே மரியாதை வந்தது.

எழுதியாயிற்று, இனி அதன்படி வீடு இருக்க வேண்டுமே! எதிர்வீட்டுக் கன்னியப்பனிடம் போய் ஒரு முருகன் படமும் குத்துவிளக்கும் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, ஞாயித்துக்கெயம ஆனா வெள்ள சட்ட போட்டுகினு மாதா கோயிலுக்குப் போற ஆளு நீ. முருகர இன்னாத்துக்குக் கேக்குற? கட்சி மாறிட்டியா?" மூன்று வாரத்துக்குத்தான் என்றேன். "முருகரு இன்னா வாடகை சைக்கிளா?" என்று கேட்டுவிட்டு, நல்ல மனுஷன், துடைத்துப் பொட்டு வைத்தே கொடுத்தான். திருஇருதய ஆண்டவர் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மாதா சுரூபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கி மூடினேன். உன் அம்மா ஆடிய ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். "இன்னாய்யா நெனச்சுகினு கீற? மாதாவ அரிசி டிரம்முல போட்டு மூடுன மொத கிறிஸ்டின் நீதான்யா! நாளைக்கு உலையில போடச் சொல்லுவியா?" கருவாட்டுப் பானையையும் கன்னியப்பன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னபோதுதான் அவள் என்னோடு பேசுவதையே நிறுத்தினாள். மாதாவுக்குக்கூட அவ்வளவு கோபப்படவில்லை.

நீ மட்டும் கத்தவில்லை. என் முன்னால் வந்து நின்று, "அப்பா, இது பொய்ப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்காகத்தாண்டி." அப்பாக்கள் செய்கிற எல்லா அயோக்கியத்தனத்துக்கும் இந்த ஒரு வார்த்தையைத்தான் கொண்டுவந்து மேலே போர்த்துகிறோம். உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் இதை மட்டும் சொல்லிவிடாதே. நீ திரும்பி உள்ளே போய்விட்டாய். சரி, ஒத்துக்கொண்டாய் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஈவா வந்தாள். நல்ல உயரம், வாசலில் குனிந்துதான் நுழைவாள். பேசியது பாடப்புத்தகத் தமிழ். "ஐயா, எனக்குத் தாகமாக இருக்கிறது, தண்ணீர் கிடைக்குமா?" என்று அவள் கேட்டதும் கன்னியப்பன் வாய் பிளந்துவிட்டான். "யம்மா, டிவி நியூஸ் மாதிரி பேசுதே! நம்ம பேசறது இதுக்குப் புரியுமா?" அவள் எல்லாரையும் வணங்கினாள், எதைக் கொடுத்தாலும் "நன்றி, சுவையாக உள்ளது" என்றாள். உன் அம்மாவின் சாம்பார் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மீன் குழம்பு வைக்கப் பிறந்த கை அது, பருப்பைக் கண்டாலே அதற்கு வராது. அஞ்சு நாள் அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டும் சுவையாக உள்ளது என்று சொன்ன பெண் லேசுப்பட்ட பெண்ணில்லை. காலையில் நான் முருகன் முன்னால் கண்ணை மூடி நிற்பேன். மூடின கண்ணுக்குள் அரிசி டிரம்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறு மணிப் பூசைக்கு நாம் யாரும் போகவில்லை. உன் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈவா குளித்து, நல்ல கவுன் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "ஐயா, அருகில் கத்தோலிக்கத் தேவாலயம் ஏதேனும் உண்டா? நான் ஞாயிறு வழிபாட்டைத் தவறவிட்டதில்லை." அப்போது போலந்து கம்யூனிஸ்ட் நாடு. கம்யூனிஸ்ட் நாட்டில் சாமியே கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்த மடையன் நான். சமாளித்துக்கொண்டு, "அது ரொம்ப தூரம்மா, பஸ் மாறிப் போகணும்" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, இரண்டு தெரு தள்ளி நம் கோயில் மணி எட்டு மணிப் பூசைக்கு அடித்தது. டாண் டாண் என்று என் மண்டையிலேயே அடித்த மாதிரி இருந்தது.

நீ அடுக்களைக்குள் போனாய். நான் உன் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தேன். "வேணாம்மா. அவ ரிப்போர்ட் எழுதுவா. பாரத்துல இருக்கறது ஒண்ணு, அவ எழுதறது ஒண்ணுன்னா உன் பேர அடிச்சிடுவாங்க. நீ போகமுடியாது" என்று கெஞ்சினேன். நீ என் கையை மெதுவாக எடுத்துவிட்டாய். "போகலைன்னா போகட்டும்பா. ஒரு பொண்ணு நம்ம ஊட்டுல வந்து தங்கிகினு கோயில் எங்கன்னு கேக்குது. நம்ம கோயில மறைச்சுட்டு நான் அவங்க ஊட்ல போய் எப்படிப்பா சாப்புடுவேன்?" என்றாய். படித்த பெண், வீட்டில் பேசும்போதும் திருத்தமாகப் பேசுகிற பெண், அன்றைக்கு அசல் நம் தெருப் பேச்சில் பேசினாய். டிரம்மைத் திறந்து அரிசிக்குள் கைவிட்டு மாதாவை எடுத்தாய். துண்டைப் பிரித்து, மடிப்பில் ஒட்டியிருந்த அரிசியை ஊதிவிட்டு, நேராக ஈவாவிடம் கொண்டுபோனாய். "இது எங்க மாதா. கோயில் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. நாங்களும் கத்தோலிக்கர்தான். உங்களுக்கு எங்களப் புடிக்காதோன்னு பயந்து மறைச்சுட்டோம்." மறைச்சுட்டோம் என்றாய். மறைத்தது நான் ஒருத்தன்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்தப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு அவள் கண் நிறைந்துவிட்டது. அவள் சொன்னதை நீயும் கேட்டாய். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவள் அப்பா சொந்த ஊரை விட்டு ரயிலேறி வேறு ஊர்க் கோயிலுக்குப் போனாராம், ஆபீஸில் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று. "என் தந்தையும் மறைத்தார், ஐயா. அதிகாரிகளிடம் மறைத்தார். நான் விருந்தாளிதானே" என்றாள். யாரும் என்னை அவ்வளவு மரியாதையாக அடித்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்த இரண்டு வாரத்தைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? கோயிலில் பெண்களெல்லாம் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பாடல் குழுவில் நம் மெட்டில் அவள் மொழிப் பாட்டைப் பாடினாள். கன்னியப்பன் வீட்டிலிருந்து கருவாட்டுப் பானை திரும்பி வந்தது, உன் அம்மாவுக்குப் பேச்சும் திரும்பி வந்தது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டு மூக்கிலும் கண்ணிலும் ஒழுக ஒழுக ஈவா இன்னும் கேட்டாள். முருகனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "இருக்கட்டும் அண்ணாத்தே, கொஞ்ச நாளு உங்க ஊட்லயே இருக்கட்டும். ரெண்டு பேரும் சண்ட போடாமதான கீறாங்க?" என்றான் அவன். ஊருக்குக் கிளம்புகிற அன்று ஈவா அவனிடம், "அண்ணாத்தே, போய்ட்டு வரேன். மனசு கஷ்டமா கீது" என்றாள். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அதற்கு முதல் நாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதை நீ கவனித்திருக்க மாட்டாய். ஈவா உன்னிடம் சொன்னாள்: "ஸ்டெல்லா, அறிக்கையில் உன் படிவத்தில் உள்ளபடியே எழுதிவிடுகிறேன். உனக்குத் துன்பம் வரக்கூடாது." நீ யோசிக்கக்கூட இல்லை. "வேணாம் ஈவா. பாத்தத எழுது. எங்க அம்மா குழம்பப் பத்தி எழுதாம விட்டா அவங்க உன்ன மன்னிக்க மாட்டாங்க" என்று சிரித்தாய். இருபத்திரண்டு வயதுப் பெண். தன் கனவு கையிலிருந்து போகப்போகிறது என்று தெரிந்து, சிநேகிதி சங்கடப்படக்கூடாதென்று சிரிக்கிறாள். இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். என்னிடமிருந்து வரவில்லை, அது மட்டும் நிச்சயம்.

பயந்தபடியே ஆனது. ஈவாவின் அறிக்கை வந்ததும் துறைத் தலைவர் உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அரை நாள் லீவு போட்டு உன்னோடு வந்தேன். "நீங்க இங்கயே இருங்கப்பா" என்று என்னைக் கீழே மரத்தடியில் நிறுத்திவிட்டு மாடிக்குப் போனாய். அரை மணி நேரம். உள்ளே போய் நான்தான் எழுதினேன் என்று சொல்லத்தான் வந்தேன், சத்தியமாக. படி வரைக்கும் இரண்டு தடவை போனேன். மேலே இங்கிலீஷில் யாரோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் சட்டையில் கிரீஸ் கறை இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். நீ இறங்கி வந்தாய். "நான்தான் எழுதுனேன்னு சொல்லிட்டேன்பா. முடிஞ்சுபோச்சு, வாங்க போலாம்" என்றாய். என்னைக் காட்டிக்கொடுக்காததில் எனக்கு வந்த நிம்மதியை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ரயிலில் வேர்க்கடலை வாங்கி உரித்து உரித்து என் கையில் போட்டாய். நானும் தின்றேன்.

உன் இடத்தில் வில்லிவாக்கத்துப் பெண் ஒருத்தி போனாள். அம்மா உனக்கென்று வாங்கிவைத்த ஸ்வெட்டரை எடுத்து அவளிடம் கொடுத்தாய். "சும்மா பொட்டில கெடக்கறதுக்கு அவ போட்டுக்கட்டும்மா" என்றாய். விமான நிலையத்துக்கும் போய் அவள் பெட்டியைத் தூக்கிவிட்டு வந்தாய். அடுத்த வருஷம் அவர்கள் நாட்டில் ஆட்சியே மாறிப்போய் திட்டமும் நின்றது. நீ ஒரு நாள்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எம்.ஃபில்., பிஎச்.டி., வேலை. வேப்பம்பட்டிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வருகிற, வீட்டில் முதல் ஆளாய்க் கல்லூரி மிதிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம். அவர்கள் "மிஸ், மிஸ்" என்று ஞாயிற்றுக்கிழமைகூட நம் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது, பெற்றவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்துக்கொள்வேன். ஈவாவோடு கடிதம் விட்டுப்போகவில்லை. திட்டம் மறுபடி தொடங்கியதும் அங்கே துறையில் வேலை பார்க்கிற ஈவாதான் உன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை எந்தப் பாரத்தையும் என்னிடம் நீ காட்டவில்லை. நல்ல காரியம் செய்தாய்.

உனக்குப் புத்தி சொல்லுகிற இடத்தில் நான் இல்லை. ஆனாலும் அப்பன், சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே உன் வீட்டுக்கு மாணவர்கள் வருவார்கள். வந்தவர்களுக்குக் காட்ட ஒரு வீடு, நீ வாழ ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளாதே. அம்மா கட்டுகிற கருவாட்டைக் கொண்டுபோ, நாறினால் நாறட்டும். யாராவது உன் பண்பாடு எது என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசையையும் சொல், நாற்று நட்டதையும் சொல், கன்னியப்பனின் முருகனையும் சொல். குளிரில் காதை மூடிக்கொள்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அந்தத் துறைத் தலைவர் ரிட்டயர் ஆகி நூம்பலில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார் என்று நீதான் சொல்லியிருந்தாய். பூந்தமல்லி போய் பஸ் மாறிப் போனேன். நீ கிளம்புவதற்குள் ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, "சார், அந்தப் பாரத்த எழுதுனது என் பொண்ணு இல்ல. நான்தான்" என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியுமே" என்றார்.

"அன்னிக்கு அவள 'எத்தன வருஷமா வீணை வாசிக்கிற?'ன்னு கேட்டேன். முழிச்சா" என்றார். ஆமாம் ஸ்டெல்லா, பாரத்தில் வீணையும் எழுதியிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. "எழுதினது அவ இல்லன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. உங்கப்பாவக் கூட்டிட்டு வா, அவர் ஒரு வார்த்த சொன்னாப் போதும், உன் பேர் அப்படியே இருக்கும்னேன். அப்பா கம்பெனிக்குப் போயிருக்காருன்னா. ஜன்னல் வழியாப் பாத்தா நீங்க மரத்தடியில நின்னு மாடியையே பாத்துட்டிருக்கீங்க. சரி, மூணு நாள் டைம் தரேன்னேன். மூணு நாள் அந்த லிஸ்ட்ட டைப்புக்குக் குடுக்காம மேசையிலேயே வச்சிருந்தேன் சார். நீங்க வரல."

எப்படி பஸ் ஏறினேன், எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அந்த மூன்று நாளும் நீ இதே வீட்டில்தான் இருந்தாய். எனக்குச் சோறு போட்டாய். என் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தாய். "அப்பா, ஒரு தடவ வந்து சொல்லுங்கப்பா" என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பேனா என்று ஒரு வாரமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். வந்திருப்பேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், ஆனால் உன்னிடம் இன்னொரு பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. வந்திருக்க மாட்டேன். ஏதாவது சாக்கு சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டு, நான் மாட்டேன் என்று சொல்லி, அப்புறம் ஆயுசுக்கும் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வாழக்கூடாது என்றுதான் நீ கேட்காமலே இருந்திருக்கிறாய்.

உன் அப்பா